"சொன்னது எதுவும் மண்டையில் ஏறலை": குழந்தையின் கவனம், ஞாபகம், பேச்சு

சென்னையில் ஏதாவது ஒரு குழந்தைகள் டாக்டர் அறைக்கு வெளியே அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு விதமான புகார்கள் காதில் விழும். ஒன்று: "ரெண்டே கால் வயசு ஆகுது. ஏ டு இசட் சொல்றான், கலர் பேரெல்லாம் சொல்றான், விளம்பரத்த முழுசா ஒப்பிக்கிறான். ஆனா தண்ணி வேணும்னா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறான், வாயத் திறந்து கேக்க மாட்டேங்குறான்." இன்னொன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பற்றியது: "நேத்து சொல்லிக் குடுத்தது இன்னைக்கு இல்ல. ஞாபகசக்திக்கு ஏதாவது டானிக் இருக்கா டாக்டர்?"

முதல் குழந்தைக்கு ஞாபகம் ஏகத்துக்கு இருக்கிறது, பேச்சுதான் வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு ஞாபகமே இல்லை என்கிறார்கள். ஆனால் போன வாரம் சேப்பாக்கத்தில் யார் எத்தனை ரன் எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள், ஓவர் ஓவராகச் சொல்லும். ஆக, ஞாபகசக்தி என்று ஒரே பெயரில் நாம் சொல்வது ஒரே சமாச்சாரம் இல்லை. அது தனியாக இயங்குவதும் இல்லை. எதைக் கவனித்தோமோ அதுதான் பதிகிறது; எது பதிந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்து எதைக் கவனிப்பது என்று மூளை முடிவு செய்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஞாபகத்தைப் பற்றிப் புலம்பும் வீடுகளில் பெரும்பாலும் பார்க்க வேண்டியது கவனத்தைத்தான். அதிலும் குழந்தையை நம் பக்கம் திருப்பப் பார்ப்பதைவிட, அது பார்க்கும் பக்கம் நாம் திரும்புவது அதிகப் பலன் தரும்.

பேச ஆரம்பிக்கும் முன்பே

பிறந்த குழந்தை எந்த மொழிக்கும் தயாராகத்தான் வருகிறது. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இந்தியில் 'ட', 'த' இரண்டும் வேறு வேறு ஒலிகள், தமிழில் இருப்பதைப் போலவே. ஆங்கிலத்தில் அந்தப் பிரிவு கிடையாது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டன. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் அது முடிந்தது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ ஒரு வயதை நெருங்கும்போதும் பிசகவில்லை.

காது மந்தமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டில் எந்த ஒலிகள் பொருளை மாற்றுகின்றன என்று குழந்தை கணக்கெடுத்துவிட்டது, மற்றதை விட்டுவிட்டது. 'படம்' வேறு, 'பதம்' வேறு என்று பிற்பாடு தமிழ்க் குழந்தைக்குக் குழப்பமே இல்லாமல் தெரிவதற்கு அடித்தளம் முதல் வருடத்திலேயே விழுந்துவிடுகிறது. "அதுக்கு என்ன புரியப் போகுது" என்று கைக்குழந்தையிடம் பேசாமல் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. எழுத்தில்தான் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறோம், பேச்சில் விடுவதில்லை. "பாட்டியெங்கபாரு, பாட்டிகிட்டபோ, பாட்டிக்குமுத்தாகுடு" என்று ஒரே ஓட்டமாகத்தான் போகிறது. இதில் 'பாட்டி' என்று தனியாக ஒன்று இருப்பது எப்படித் தெரியும்? ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 1996-இல் இதற்கு ஒரு விடை காட்டினார்கள். 'பிடாகு', 'படோட்டி', 'கோலாபு' என்பது போன்ற பொருளற்ற சொற்களை, இடைவெளியோ ஏற்ற இறக்கமோ இல்லாமல் 2 நிமிடம் 8 மாதக் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். பிறகு அதே சொற்களையும், அசைகளைக் கலைத்து மாற்றிக் கோத்தவற்றையும் ஒலிக்கவிட்டால், கலைத்தவற்றைக் குழந்தைகள் கூடுதல் நேரம் கேட்டன. புதிதாகப் பட்டதைத்தானே கூர்ந்து கேட்கும். 'பாட்'டுக்குப் பிறகு 'டி' வந்துகொண்டே இருக்கிறது, 'டி'க்குப் பிறகு என்னென்னவோ வருகிறது. ஆகவே சொல் அங்கே முடிகிறது. இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் 8 மாதக் குழந்தையின் நினைவு தானே கணக்குப் போடுகிறது.

அப்படியானால் போனில் பாட்டை ஓடவிட்டால் போதுமே, அதுவும் பேச்சுதானே? போதாது. பாட்ரிஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 தடவை நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கும், ஒலியாக மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் ஒன்றும் பதியவில்லை. ஒலி ஒன்றுதான். எதிரே ஆள் இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம்.

தண்ணி லாரியா, ஆப்பிளா

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு அடுக்குமாடியின் பால்கனி. ஒன்றரை வயதுக் குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழே தண்ணி லாரி ரிவர்ஸில் வருகிறது. கிளீனர் பையன் லாரியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி "வா வா வா" என்கிறான். தடித்த ஹோஸை இழுத்து சம்ப்புக்குள் விட்டுத் திறந்ததும் ஹோஸ் ஒரு குதி குதித்து விறைக்கிறது. குழந்தை இமை கொட்டவில்லை. இந்த நேரம் பார்த்து அம்மா உள்ளேயிருந்து ஃபிளாஷ் கார்டோடு வருகிறார்: "இங்க பாரு தங்கம், இது என்ன? ஆப்பிள். சொல்லு, ஆப்பிள்."

குழந்தை திரும்பவில்லை. திருப்பினால் முகத்தைச் சுளிக்கிறது. "கவனமே இல்ல" என்று முடிவு கட்டியாகிவிட்டது. கவனம் இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது, லாரியின் மேல் இருக்கிறது. அந்த நொடியில் அம்மா குனிந்து அதே திசையில் பார்த்து, "தண்ணி லாரி! தண்ணி ஊத்துறாங்க பாரு, பைப்பு எவ்ளோ பெருசு!" என்று சொல்லியிருந்தால் 'தண்ணி', 'லாரி', 'பைப்பு' மூன்றும் குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருள்களோடு போய் ஒட்டியிருக்கும். கார்டைக் காட்டும்போதோ குழந்தை பிடித்திருந்ததை விட வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், புதிதாக ஒன்றில் நிலைக்க வேண்டும், அப்புறம்தான் சொல்லைக் கேட்க வேண்டும். அதற்குள் சொல் காற்றில் போய்விடும்.

இருவரும் ஒரே பொருளைப் பார்ப்பதும், இருவரும் அதைத்தான் பார்க்கிறோம் என்பது இருவருக்கும் தெரிவதும் சேர்ந்ததைக் கூட்டுக் கவனம் என்கிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனால் 'ஜாயின்ட் அட்டென்ஷன்' என்று காதில் விழும். மைக்கேல் டோமசெல்லோவும் ஃபராரும் 1986-இல் காட்டியது இதுதான்: குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் அந்தச் சொல் நன்றாகப் பதிகிறது, குழந்தையின் பார்வையைத் திருப்பிப் பெயர் சொன்னால் அவ்வளவாகப் பதிவதில்லை. குழந்தை விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிப்பதை நிபுணர்கள் அவ்வளவு முக்கியமாகக் கேட்பதற்குக் காரணமும் இதுவே. "எனக்கு அது வேணும்" என்று மட்டும் அல்ல, "நீயும் பாரேன்" என்று விரல் நீட்டுகிறதா என்பதுதான் கேள்வி. ஏ டு இசட் ஒப்பிக்கும் குழந்தையிடம் பல நேரம் இந்த இரண்டாவது வகை விரல் நீட்டல் இருக்காது. ஒலிகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன, ஆனால் இன்னொரு ஆளிடம் சேதி சொல்வதற்கு அவை பயன்படும் என்பது பதியவில்லை. எல்லாப் பழியையும் போன் மேல் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் இப்படி ஒப்பிப்பது உண்டு. அதனால்தான் நேரில் காட்டிப் பரிசோதிப்பது அவசியம்.

ஒரு தடவை கேட்டால் போதும், ஆனால் போதாது

1978-இல் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 3, 4 வயதுக் குழந்தைகளிடம் போகிற போக்கில், "நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டை எடுத்து வா" என்பதுபோல ஒரு தெரியாத சொல்லை நிறத்தின் பெயராகச் சொன்னார்கள். நீலம் அல்லாத மற்றத் தட்டைக் குழந்தைகள் சரியாக எடுத்து வந்தன. ஒரே தடவை கேட்ட அந்தச் சொல் நிறத்தைப் பற்றியது என்கிற அளவுக்காவது பல குழந்தைகளிடம் நாள் கழித்தும் தங்கியிருந்தது. இந்த வேகம் உண்மைதான். ஆனால் முழுப் பொருளும் தெளிவாக நிலைக்க அந்தச் சொல் திரும்பத் திரும்ப, வேறு வேறு இடத்தில் வர வேண்டும். 3 வயதுக் குழந்தைகளுக்குப் புதுப்புதுக் கதைகள் படித்துக் காட்டியதைவிட ஒரே கதையை மறுபடி மறுபடி படித்துக் காட்டியபோது அதிலுள்ள புதுச் சொற்கள் நன்றாகப் பதிந்தன என்று ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவின் 2011 ஆய்வு சொல்கிறது. தாத்தா 'நரிக் கதை'யை நூறாவது தடவை சொல்லிச் சலித்துப் போயிருக்கலாம். குழந்தைக்குச் சலிக்காததற்குக் காரணம் இருக்கிறது: கதை தெரிந்துவிட்டதால் அதைத் தொடர்வதற்குச் செலவாகும் கவனம் மிச்சமாகிறது, அந்த மிச்சம் சொற்களுக்குப் போகிறது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு அருமையான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு என்று விரல் விரலாகப் பங்கு வைத்து, கடைசியில் நண்டூருது நரியூருது என்று கை மேலே ஏறிக் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு. இரண்டு பேரும் ஒரே கையைப் பார்க்கிறார்கள், வரிசை மாறுவதில்லை, முடிவில் சிரிப்பு நிச்சயம். கொஞ்ச நாள் விளையாடிய பிறகு ஒரு தடவை முழங்கை அருகே விரல்களை நிறுத்திப் பாருங்கள். குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தயாராகும், உங்கள் முகத்தைப் பார்க்கும், "ஊம்" என்னும். அடுத்து என்ன வரும் என்று ஞாபகம் இருக்கிறது. அதை வரவழைக்க ஆளைப் பார்த்து ஒலி எழுப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இப்படி நடுவில் நிறுத்திக் காத்திருப்பது ஸ்பீச் தெரபியிலும் வழக்கமான உத்தி. பெரியவர்களுக்கு வராதது அந்தக் காத்திருப்புதான். இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம்.

இடம் கொஞ்சம்தான்

இனி இரண்டாவது புகாருக்கு வருவோம். கேட்டதை உடனே பயன்படுத்துவதற்காகச் சில நொடிகள் மனதில் பிடித்து வைத்திருக்கும் நினைவை 'ஒர்க்கிங் மெமரி' என்பார்கள். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் இதை விளக்கி ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதன்படி ஒலியைப் பிடித்து வைக்க ஒரு பகுதி, காட்சியைப் பிடித்து வைக்க ஒரு பகுதி, இரண்டையும் மேய்த்துக் கவனத்தைப் பங்கிட ஒரு பகுதி. ஒலிப் பகுதியில் மனதுக்குள் சொல்லிப் பார்க்காவிட்டால் சுமார் 2 நொடிப் பேச்சுதான் நிற்கும்.

இது ஷேர் ஆட்டோ மாதிரி. சீட்டு எண்ணிக்கை குறைவு, புதிதாக ஆள் ஏறினால் யாராவது இறங்க வேண்டும். 4 வயதுப் பிள்ளையால் 2, 3 எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடியும். பெரியவர்களால் சாதாரணமாக 6, 7 வரை. ஆனால் அம்மா மடியில் குழந்தை, குழந்தை மடியில் பை என்று ஒரே சீட்டில் உட்கார முடிவதுபோல, தெரிந்த விஷயங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு இடத்தில் பல அடங்கும். 1, 9, 4, 7 என்று தனித்தனியாகக் கேட்டால் நான்கு இடம். சுதந்திரம் கிடைத்த வருடம் என்று தெரிந்தவருக்கு ஒரே இடம்.

இப்போது ஒரு சாதாரணச் சென்னை வீட்டுக் கட்டளையைப் பாருங்கள். "சமையக்கட்டுல பாட்டிகிட்டப் போயி, ஜன்னல் மேல இருக்கிற சின்ன சாவிய எடுத்துத் தரச் சொல்லி, வாங்கிட்டு வந்து அப்பாகிட்டக் குடு." பிள்ளை சமையலறை வரை போகும், பாட்டியைப் பார்க்கும், கையில் ஒரு முறுக்கோடு திரும்பி வரும். அடங்காப்பிள்ளை என்று திட்டு விழும். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்வரை யார், எங்கே, எது என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்க வேண்டும். 4 வயதுக்கு இது அதிகம். "பாட்டிகிட்டப் போ. சாவி கேளு" என்று இரண்டாக உடைத்தால் அதே பிள்ளை கொண்டு வரும்.

வகுப்பறையிலும் இதே கதைதான். கரும்பலகையில் 'மரங்கள்' என்று எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து முழுச் சொல்லையும் எழுதிவிடும். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்கு அது ம, ர, ங், க, ள் என்று ஐந்து தனித்தனிப் படங்கள். ஐந்து தடவை நிமிர வேண்டும், ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தைத் தேட வேண்டும். இதற்குள் டீச்சர் பலகையை அழித்துவிடுவார். வாசிப்பு சரளமாக வந்தால்தான் பொருளை யோசிக்க இடம் மிஞ்சும். தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் பிடித்துக்கொண்டது இந்த வகையில் சரியான இடம் என்றே எனக்குப் படுகிறது.

ஒலி நினைவுக்கும் சொல்வளத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சூசன் கேதர்கோலும் பேட்லியும் 1989-இல் வெளியிட்டபடி, பொருளற்ற புதுச் சொற்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வதில் கெட்டியாக இருந்த 4 வயதுக் குழந்தைகளுக்கு, ஒரு வருடம் கழித்துச் சொல்வளமும் கூடுதலாக இருக்கும் போக்கு தெரிந்தது. யோசித்தால் இயல்புதான்: புதிதாகக் கேட்கும் எந்தச் சொல்லும் குழந்தைக்கு முதலில் பொருளற்ற சொல்தான். அதற்காக "டம்பிலாக்கு சொல்லு" என்று தினமும் பயிற்சி கொடுத்தால் சொல்வளம் பெருகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். விளையாட்டாகச் செய்யலாம், சிரிப்பாவது வரும்.

பயிற்சி என்றதும் அவதானக் கலை ஞாபகம் வருகிறது. 1907-இல் இதே சென்னையில், சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பொது மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். முதுகில் எறியப்படும் பொருள்களை எண்ணுவது, மணியோசையை எண்ணுவது, கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாடுவது என்று நூறு விஷயங்களில் ஒரே அமர்வில் கவனம். அவருக்கு மட்டும் மனதில் நூறு இடம் இருந்திருக்காது. யாப்பு ஊறிப்போன ஒருவருக்கு ஒரு வெண்பா என்பது ஒரே கட்டு. எதுகையும் மோனையும் அடுத்த அடியை இழுத்து வருகின்றன. மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாய்ப்பாடு வாயில் நின்றால் கணக்கின் மற்ற படிகளுக்கு இடம் கிடைக்கும். பொருள் தெரியாமல் ஒப்பித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் மனப்பாடம்தான் வீண். அதற்கும் மருந்து தெரிந்ததே: ஒரே நாளில் பத்து தடவை படிப்பதைவிட, நாள் விட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக, புத்தகத்தை மூடிவைத்துத் தானே சொல்லிப் பார்ப்பது.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்

முதலில் டிவி. யாரும் பார்க்காமல் சீரியல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதைத்தான் சொல்கிறேன். சத்தத்தின் நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பது பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கஷ்டம். போதாததற்கு, டிவி ஓடும்போது பெரியவர்களும் குழந்தையிடம் குறைவாகவே பேசுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல், 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. 3, 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் அதே வழிகாட்டலில் உண்டு. பகலில் கற்றது நிலைப்படுவது பெருமளவு தூக்கத்தில்தான். அதனால் இரவு பதினொன்று வரை ஹோம்வொர்க் எழுத வைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று தெரியவில்லை.

பிறகு மொழி. திருவல்லிக்கேணியில் உருது, சௌகார்பேட்டையில் இந்தி, எத்தனையோ வீடுகளில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று இந்த நகரத்தில் இரண்டு மொழியோடு வளர்வது சகஜம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்கள் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும், கூட்டி எண்ண வேண்டும், அவ்வளவே. ஸ்கூல் அட்மிஷனுக்காக, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் வீட்டில் பேச ஆரம்பிப்பதுதான் தொல்லை. "கம், சிட், ஈட்" என்பதற்கு மேல் பேச்சு நீளாது. தமிழில் சண்டை, சமாதானம், கதை, கேலி எல்லாம் வரும்.

எப்போது காட்ட வேண்டும்? 12 மாதம் ஆகியும் மழலை ஒலிகள் இல்லை, விரல் நீட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை. 16 மாதம் ஆகியும் ஒரு சொல்கூட இல்லை. 2 வயதாகியும் "அம்மா தா", "தண்ணி வேணும்" என்று தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் "அவங்கப்பா மூணு வயசுலதான் பேசினாரு" என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் வேலை காது பரிசோதனை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் கவனமில்லாதது என்பதற்கு முன், கேட்கிறதா என்று தெரிய வேண்டும். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டியிருந்தால்கூடச் சில வாரம் மந்தமாகக் கேட்கலாம். காது கேளாமை தீவிரமாக இருந்தால், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் வைத்துக் கேட்க உதவும் காக்ளியர் கருவியைப் பொருத்தும் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இரண்டும் இந்த விஷயங்களுக்குப் போகக்கூடிய இடங்கள். பள்ளி வயதில் வாசிப்பு மட்டும் வரவில்லை என்றால் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனில் கேட்கலாம்.

போகும்போது வீட்டில் குழந்தை விளையாடும்போது எடுத்த ஓரிரண்டு நிமிட வீடியோவை போனில் கொண்டு போங்கள். சாப்பாடு கேட்பது, கூப்பிட்டால் திரும்புவது, பாட்டியோடு விளையாடுவது என்று எதுவானாலும் சரி. புது இடத்தில், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நன்றாகப் பேசும் குழந்தையும் வாயைத் திறக்காது; பரிசோதிப்பவருக்கு அந்த வீடியோதான் உதவும்.